1066இன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதை உங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரையாக வந்திருந்தது. நாள் கணக்கெல்லாம் சரியாகவே இருக்கிறது. 1066 ஜனவரி 5ஆம் தேதி எட்வர்டு அரசர் பிள்ளையில்லாமல் இறந்தார். மறுநாளே ஆங்கிலேயப் பிரபு ஹரால்டு முடிசூடிக்கொண்டார். செப்டம்பர் 25இல் வடக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வே படையை அவர் முறியடிக்க, மூன்றே நாளில் தெற்கே பெவன்ஸியில் நார்மன்களின் தலைவர் வில்லியம் கரையிறங்கினார். அக்டோபர் 14இல் ஹேஸ்டிங்ஸ் அருகே ஹரால்டு மாண்டார். கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வில்லியம் அரசரானார். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு கட்டுரை ஒரே தாவாகத் தாவுகிறது. அந்த ஒரு நாள் சண்டையோடு ஆங்கிலம் பாதி பிரெஞ்சாகிவிட்டதாம். பாராளுமன்றமும் நீதிமன்றமும் பிறந்துவிட்டனவாம். கோட்டையும் பேராலயமும் முளைத்துவிட்டனவாம்.

மூன்றையும் பிரித்து வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வேகத்தில் நடந்திருப்பது தெரியும். கல்கட்டு மளமளவென்று மாறியது, ஆனால் அந்த மாற்றம் 1066க்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆட்சி இயந்திரம் பெரும்பாலும் ஆங்கிலேயர் செய்து வைத்தது. நார்மன்கள் அதில் ஏறி உட்கார்ந்து விரட்டி ஓட்டினார்கள். மொழியோ நூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சுக்குப் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை.

மொழியிலிருந்தே தொடங்கலாம். கட்டுரையில் அதிகம் வழுக்கியிருப்பது அங்கேதான்.

நார்மன் என்றால் வடக்கத்தியான் என்று பொருள். 911இல் ரோலோ என்ற வைக்கிங் கடற்கொள்ளைத் தலைவனின் தொல்லை தாங்காமல் பிரெஞ்சு அரசர் சேன் நதியின் முகத்துவாரப் பகுதியை அவனுக்கே கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். அதுதான் பின்னால் நார்மண்டி ஆனது. குடியேறியவர்கள் சில தலைமுறைகளில் தங்கள் மொழியை விட்டு பிரெஞ்சுக்கு மாறினார்கள். ஆனால் அவர்கள் நாவில் ஏறியது பாரிஸ் பிரெஞ்சு அல்ல, வட்டார வழக்கு. பாரிஸில் 'க' என்று மாறிவிட்ட சில சொல் முதல்கள் வடக்கே 'வ' என்றே நின்றன. பாரிஸில் 'ச' ஆனது வடக்கே 'க' ஆகவே இருந்தது. இந்த இரண்டு அடையாளங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பல சொற்கள் எந்தக் கப்பலில் வந்தவை என்று சொல்லிவிடலாம்.

ஒரு பொருள் வாங்கும்போது 'வாரண்டியா, கேரண்டியா' என்று கேட்கிறோமே, அந்த இரண்டும் ஒரே சொல்தான். வாரண்டி நார்மன்களோடு வந்தது, கேரண்டி பின்னால் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சிலிருந்து வந்தது. விடுதி வார்டனும், சிறுவர்களுக்கு நியமிக்கப்படும் கார்டியனும் அதே மாதிரி உடன்பிறப்புகள். கிரிக்கெட்டில் கேட்ச் என்கிறோம், சேஸ் என்கிறோம். இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றே. 'க' வடக்கு, 'ச' பாரிஸ். கோட்டையைக் குறிக்கும் காசில் என்ற சொல்லும் வடக்கத்தி வடிவம். அதே சொல் பாரிஸ் பக்கம் ஷாதோ ஆனது. ஆக ஆங்கிலத்தில் பிரெஞ்சு ஒரே வெள்ளமாக வரவில்லை. இரண்டு முறை, இரண்டு ஊர்களிலிருந்து வந்திருக்கிறது.

எப்போது வந்தது என்பதற்கு மொழி வரலாற்றாசிரியர்கள் போட்டுவைத்த கணக்கு இருக்கிறது. 1250 வரை, அதாவது ஹேஸ்டிங்ஸுக்குப் பிறகு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில், ஆங்கிலத்தில் நுழைந்த பிரெஞ்சுச் சொற்கள் சுமார் 900. இடைக்காலம் முடிவதற்குள் மொத்தம் சுமார் 10,000. பெரும்பகுதி 1250க்கும் 1400க்கும் இடைப்பட்டது. வில்லியமின் வம்சமே 1154இல் ஸ்டீபனோடு முடிந்துவிட்டது. அப்படியானால் சொற்களைக் கொண்டுவந்து கொட்டியது யார்?

விடை 1204இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜான் அரசர் நார்மண்டியைப் பிரெஞ்சு அரசரிடம் இழந்தார். கடலுக்கு இருபுறமும் நிலம் வைத்திருந்த பிரபுக் குடும்பங்கள் ஏதாவது ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் தங்கியவர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே தாய்மொழியானது. பிரெஞ்சைப் பாடமாகப் படித்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பேச வாயெடுத்தபோது வழக்கு, வரி, உடை, சமையல், படை ஆகிய எல்லாவற்றுக்கும் கைக்குப் பழகிய சொல் பிரெஞ்சாக இருந்தது. அதை அப்படியே ஆங்கில வாக்கியத்துக்குள் செருகினார்கள். பிரெஞ்சு ஓங்கியிருந்த காலத்தில் அதன் சொற்கள் அவ்வளவாக இறங்கவில்லை; பிரெஞ்சு பேசுவோர் குறைந்துகொண்டு வந்த காலத்தில்தான் கூட்டமாக இறங்கின. இதைச் சொல்லாமல் '1066இல் ஆங்கிலம் மாறியது' என்பது பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற கதைதான்.

நீதிமன்றத்தில் மட்டும் பிரெஞ்சு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. 1362இல் ஒரு சட்டம் போட்டார்கள்: மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, இனி ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்று. அந்தச் சட்டத்தை எழுதிய மொழி பிரெஞ்சு! வழக்கறிஞர்கள் தங்கள் குறிப்புகளை அதன் பிறகும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஒருவகை 'சட்டப் பிரெஞ்சி'ல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது போகப் போக எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு 1631ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று போதும். சால்ஸ்பரியில் தண்டனை பெற்ற கைதி ஒருவன் நீதிபதி மேல் செங்கல் துண்டை வீசினான், மயிரிழையில் தப்பியது. அதைப் பிரெஞ்சில் பதிய வந்தவர், முக்கியமான இடங்களில் பிரெஞ்சு வராமல் 'பிரிக்பேட்' என்றும் 'நேரோலி மிஸ்ட்' என்றும் ஆங்கிலத்தையே போட்டு முடித்திருக்கிறார். இந்த வழக்கத்தை ஒழித்த சட்டம் வர 1731 ஆயிற்று. அட்டர்னி ஜெனரல், கோர்ட் மார்ஷியல், நோட்டரி பப்ளிக் ஆகிய பெயர்களில் அடைமொழி பெயருக்குப் பின்னால் நிற்பது அந்தப் பிரெஞ்சின் மிச்சம்.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒன்று நமக்கு மிகவும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் தாய்மாமனுக்கு ஒரு சொல், அப்பாவின் உடன்பிறந்தவருக்கு வேறு சொல் இருந்தது. தாய்மாமன் 'ஏயாம்', சித்தப்பா பெரியப்பா 'ஃபேடெரா'. அம்மாவின் சகோதரி 'மோட்ரியே', அத்தை 'ஃபாது'. தமிழில் நாம் வைத்திருக்கிற அதே பாகுபாடு. பிரெஞ்சிலிருந்து அங்கிளும் ஆன்ட்டும் வந்து நான்கையும் இரண்டாக மடித்துவிட்டன. கசின், நெஃப்யூ, நீஸ் எல்லாம் அதே வழியில் வந்தவை. அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, மகன், மகள் ஆகிய உறவுகளின் ஆங்கிலப் பெயர்களைப் பிரெஞ்சு தொடவில்லை. வீட்டு நடுக்கூடம் வரை அது வரவில்லை, திண்ணையோடு நின்றது என்று சொல்லலாம். அன்றாடப் பேச்சில் அடிக்கடி வரும் சொற்களை எண்ணிப் பாருங்கள், அநேகமாக எல்லாம் பழைய ஆங்கிலம். 'அவர்கள்' என்பதற்கான 'தே' வைக்கிங்குகள் நேரடியாகக் கொடுத்தது. பிரதிப்பெயரையே மாற்றிய வைக்கிங்குகளை யாரும் பேசுவதில்லை, புகழ் முழுவதும் நார்மன்களுக்கே போகிறது.

பன்றி-போர்க், மாடு-பீஃப், ஆடு-மட்டன் கதையும் கட்டுரையில் வந்திருக்கிறது: மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன், அதனால் விலங்குக்கு ஆங்கிலப் பெயர், இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர். 1819இல் வெளியான வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் பரப்பிய விளக்கம் இது. பாதிதான் உண்மை. சொற்கள் பிரெஞ்சு என்பது சரி. ஆனால் பீஃப், மட்டன் இரண்டும் பல நூற்றாண்டுகள் உயிருள்ள விலங்கையும் குறித்தன. இறைச்சிக்கு மட்டும் என்று அவை ஒதுங்கியது வெகுகாலம் கழித்து. கோழிக்கும் மீனுக்கும் அந்தப் பாகுபாடு வரவே இல்லை. நார்மன் பிரபுக்கள் கோழி தின்னாமலா இருந்தார்கள்?

எழுத்துக்கூட்டலில் நார்மன் பாணி எழுத்தர்களின் கை நேரடியாகத் தெரிகிறது. அரசியைக் குறிக்கும் 'குவீன்' முன்பு சி, டபிள்யூ என்று தொடங்கியது, அதைக் கியூ, யு என்று மாற்றினார்கள். வீட்டைக் குறிக்கும் சொல்லில் தனி யு இருந்த இடத்தில் பிரெஞ்சு முறைப்படி ஓ, யு என்று இரட்டை எழுத்து வந்தது. இன்னொரு கோளாறு பேனா முனையிலிருந்து வந்தது. அக்காலக் கையெழுத்தில் ஐ, யு, வி, என், எம் எல்லாமே ஒரே மாதிரிச் செங்குத்துக் கீற்றுகள்தான். ஐ ஒரு கீற்று, என் இரண்டு, எம் மூன்று. யுவும் என்னும் அடுத்தடுத்து வந்தால் நான்கு கீற்று வரிசையாக நிற்கும், எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் அந்த இடங்களில் யுவை எடுத்துவிட்டு வட்டமான ஓவைப் போட்டார்கள். மகன் என்பதற்கான சொல்லை 'சன்' என்று உச்சரித்துவிட்டு நடுவில் ஓ எழுதுகிறோமே, காரணம் இவ்வளவுதான். 'லவ்', 'கம்' ஆகியவற்றிலும் அதே கதை. ஒலிக்கும் எழுத்துக்கும் ஏன் பொருந்தவில்லை என்று கேட்கும் மாணவருக்கு இந்தக் கீற்றுகளைத் தாளில் போட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

இனி ஆட்சி. 'நார்மன்கள் பாராளுமன்றத்தைக் கொண்டுவந்தார்கள்' என்ற வாக்கியத்தை அடித்துவிடலாம். பார்லிமெண்ட் என்ற சொல் 'பேசு' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, அவ்வளவே. நகரப் பிரதிநிதிகளை அழைத்து சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபு கூட்டிய சபை 1265ஐச் சேர்ந்தது. ஜூரி முறை பொதுச் சட்டத்தில் வேரூன்றியதும் நார்மன் வம்சத்துக்குப் பிறகு வந்த இரண்டாம் ஹென்றி காலத்தில்.

வில்லியம் வந்தபோது இங்கிலாந்தில் என்னென்ன தயாராக இருந்தன? நாடு ஷயர் என்ற மாவட்டங்களாகவும், ஷயர்கள் 'ஹண்ட்ரட்' என்ற சிறு பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. ஷயருக்கு ஒரு ஷெரீஃப், அதாவது அரசரின் அதிகாரி. நிலத்தின் மேல் வரி. நாடு முழுவதற்கும் ஒரே வெள்ளிப் பென்னி. அரசரின் முத்திரையோடு சுருக்கமாக ஆணை அனுப்பும் 'ரிட்' ஓலை. இதற்கு ஈடான எழுத்து நிர்வாகம் நார்மண்டியில் இல்லை. வில்லியம் ஒன்றையும் கலைக்கவில்லை. தொடக்கத்தில் அவருடைய ரிட்டுகளே ஆங்கிலத்தில்தான் போயின. 1070 வாக்கில் லத்தீனுக்கு மாறின. மாற்றியது ஆட்களை. 1086இல் அரசரிடம் நேரடியாகப் பெருநிலம் பெற்றிருந்தவர்களில் ஆங்கிலேயர் இருவரே. வில்லியம் இறந்த 1087இல் மிச்சமிருந்த ஆங்கிலேய ஆயர் வுஸ்டரின் வுல்ஃப்ஸ்டன் ஒருவர்தான்.

புதிதாக வந்தவையும் உண்டு. எல்லா நிலமும் அரசருடையது, மற்றவர்கள் படைச்சேவைக்கு ஈடாக அதை வைத்திருப்பவர்களே என்ற கொள்கை. காட்டையும் மானையும் அரசருக்கென ஒதுக்கிய காட்டுச் சட்டம். வழக்கை வாளால் தீர்க்கும் முறை. இந்தக் கடைசி ஏற்பாட்டை ஏட்டிலிருந்து நீக்க 1819 வரை பிடித்தது. இன்னொன்று: கொலையாகிக் கிடப்பவர் நார்மன், கொன்றவனும் பிடிபடவில்லை என்றால் அந்த ஹண்ட்ரட் மொத்தமும் அபராதம் கட்ட வேண்டும். இறந்தவர் ஆங்கிலேயர்தான் என்று நிரூபித்தால் தப்பலாம். ஆகவே பிணம் கிடைத்ததும் முதல் வேலை அதன் இனத்தை நிரூபிப்பது. 1340இல்தான் இது ஒழிந்தது.

வில்லியம் எடுக்கச் சொன்ன 'டூம்ஸ்டே புக்' பதிவேட்டைக் கட்டுரை மக்கள்தொகைக் கணக்கு என்கிறது. அது தலைக்கணக்கு அல்ல. குடும்பத் தலைவர்களைத்தான் எண்ணினார்கள். பெண்கள், பிள்ளைகள் பெரும்பாலும் வரவில்லை. லண்டனும் வின்செஸ்டரும் இல்லை. வடக்கே டர்ஹமும் நார்தம்பர்லாந்தும் இல்லை. அது நிலமும் வருமானமும் பற்றிய கணக்கு. 1085 கிறிஸ்துமஸில் குளோஸ்டரில் முடிவெடுத்து, 1086இல் விசாரித்து முடித்தார்கள். கேட்ட கேள்விகள் கிடைத்திருக்கின்றன: பண்ணையின் பெயர் என்ன, எட்வர்டு காலத்தில் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம், வரிக்கணக்கில் எத்தனை 'ஹைடு', எத்தனை ஏர், எத்தனை குடியானவர், எத்தனை அடிமை, காடு எவ்வளவு, புல்வெளி எவ்வளவு, எத்தனை ஆலை, எத்தனை மீன்பிடி இடம், அன்று மதிப்பென்ன, இன்று மதிப்பென்ன. இவற்றை மூன்று காலத்துக்குக் கேட்டார்கள்: எட்வர்டு காலம், வில்லியம் நிலத்தைக் கொடுத்த நாள், இன்று. கடைசியாக ஒன்று: இதைவிடக் கூடுதலாகக் கறக்க முடியுமா? பதில் சொன்ன சாட்சிக் குழுவில் பாதி நார்மன், பாதி ஆங்கிலேயர். 13,418 இடங்கள் பதிவாயின. ஓர் எருது, ஒரு பசு, ஒரு பன்றி கூடத் தப்பவில்லை, சொல்லவே வெட்கமாயிருக்கிறது என்று ஆங்கிலேய வரலாற்றுக் குறிப்பு புலம்புகிறது. இந்த வேகம் எப்படிக் கைகூடியது? ஹண்ட்ரட் சபையும் ஷெரீஃபும் பழைய வரிப் பட்டியலும் முன்பே இருந்தன. இல்லாவிட்டால் ஓராண்டில் முடிகிற காரியமல்ல.

நார்மன்கள் தாமாகச் சேர்த்த அருமையான பொருள் ஒரு மேசை. முதலாம் ஹென்றி காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அது புழக்கத்துக்கு வந்தது. 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கட்டம் போட்ட கறுப்புத் துணி. சதுரங்கப் பலகை போல இருந்ததால் 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரிட்டனில் நிதியமைச்சருக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஷெரீஃப்கள் ஈஸ்டருக்கு ஒரு முறையும் செப்டம்பர் கடைசியில் மைக்கேல்மஸ் திருநாளுக்கு ஒரு முறையும் வரிக்கணக்குக் காட்ட அந்த மேசை முன் உட்கார வேண்டும்.

வேலை செய்யும் விதம் இது. வலக்கோடிப் பத்தி பென்னி. அதற்கு இடப்பக்கம் ஷில்லிங், பிறகு பவுண்டு, இருபது பவுண்டு, நூறு பவுண்டு, ஆயிரம் பவுண்டு. ஒரு ஷெரீஃப் 236 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி கட்ட வேண்டும் என்று வையுங்கள். மேல்வரிசையில் நூறு பத்தியில் எண்ணுவதற்கான 2 வில்லை, இருபது பத்தியில் 1, பவுண்டுப் பத்தியில் 16, ஷில்லிங்கில் 13, பென்னியில் 4. அவர் கொண்டுவந்தது 200 பவுண்டு என்றால் கீழ்வரிசையில் நூறு பத்தியில் 2 வைப்பார்கள். மேலும் கீழும் சமமாக உள்ளதை எடுத்துவிட்டால் மீதி கண்முன்னே கிடக்கும்: 36 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி. வில்லைக்குத் தனி மதிப்பு கிடையாது, அது உட்காரும் பத்திதான் மதிப்பு. ரோமன் எண்களில் கழித்தல் போடுவது எவ்வளவு இம்சை என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பூஜ்யம் தெரியாமலே அதன் வேலையை வெற்றுக் கட்டத்திடம் வாங்கிவிட்டார்கள். எழுத்தறியாத ஷெரீஃபும் தன் கணக்கு சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். முடிவை ஆட்டுத்தோல் சுருளில் எழுதினார்கள். கிடைத்திருக்கும் மிகப் பழைய சுருள் 1130ஆம் ஆண்டினுடையது.

பணம் கட்டியதற்கு ரசீது, ஹேசல் என்ற மரத்தின் குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அளவு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு, ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறியது. பென்னிக்கு மரத்தை எடுக்காமல் வெறும் கீறல். வெட்டியபின் குச்சியை நீளவாக்கில் பிளந்து, நீண்ட பாதி பணம் கட்டியவருக்கு, குட்டைப் பாதி கருவூலத்துக்கு. ஒருவர் மட்டும் கூடுதலாக ஒரு வெட்டு போட்டால் இரண்டையும் சேர்க்கும்போது பொருந்தாது. மரத்தின் நார் ஓட்டத்தை யாராலும் நகலெடுக்க முடியாது.

பிரெஞ்சு இன்றும் ஆட்சியில் பேசுகிற இடம் ஒன்று உண்டு. மசோதாவுக்கு அரச ஒப்புதல் கிடைத்ததும் 'அரசர் இதை விரும்புகிறார்' என்ற பொருளில் நார்மன் பிரெஞ்சு வாக்கியத்தைச் சபையில் படிப்பார்கள். மறுப்பு என்றால் 'அரசர் யோசிப்பார்' என்ற நாசூக்கான வாக்கியம். கடைசியாக அப்படி 'யோசித்தவர்' 1708இல் ஆன் அரசி.

கட்டடக்கலையில் நார்மன்களுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைக் குறைக்க முடியாது. ஆனால் முதல் நார்மன் பாணிப் பெருங்கோயில் ஹேஸ்டிங்ஸுக்கு முன்பே எழுந்தது: எட்வர்டு கட்டி 1065 டிசம்பர் 28இல் அர்ப்பணித்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே. வில்லியம் முடிசூடியது அந்தப் புதுக் கட்டடத்தில்தான்; ஹரால்டும் அநேகமாக அங்கேதான்.

வில்லியமின் முதல் கோட்டைகள் கல்லல்ல, மண்ணும் மரமும். அகழி தோண்டி, தோண்டிய மண்ணை நடுவில் மேடாகக் குவித்து, உச்சியில் மரக் கோபுரம், கீழே வேலி சூழ்ந்த முற்றம். ஊர் மக்களைப் பிடித்து வேலை வாங்கினால் சீக்கிரம் எழுந்துவிடும். லிங்கன் நகரில் கோட்டைக்காக அழிந்த வீடுகள் 166 என்று டூம்ஸ்டே சொல்கிறது. புதிதாகக் கொட்டிய மண்மேட்டில் உடனே கனமான கல் கோபுரத்தை ஏற்றினால் மண் அமுங்கி, சுவர் பிளக்கும். அதனால் பல இடங்களில் மேட்டின் உச்சியைச் சுற்றி வளையமாகக் கனம் குறைந்த கல்சுவர் மட்டும் எழுப்பினார்கள். சதுரக் கல் கோபுரம் வேண்டுமென்றால் கெட்டித் தரையில் கடைக்கால் எடுத்தார்கள். லண்டனின் வெள்ளைக் கோபுரம் அப்படிப்பட்டது: உயரம் 27 மீட்டர், அடியில் சுவர்த் தடிமன் சில இடங்களில் 4.5 மீட்டர். மூலைக்கும் ஜன்னல் விளிம்புக்கும் வேண்டிய வெண்கல் நார்மண்டியின் கான் நகரிலிருந்து கப்பலில் வந்தது. வாசல் தரையில் இல்லை, முதல் மாடியில்; ஏறிப்போன மரப்படியை ஆபத்தில் அகற்றிவிடலாம்.

சதுரக் கோபுரத்தின் பலவீனம் மூலை. ராச்செஸ்டர் கோட்டையை 1215இல் முற்றுகையிட்ட ஜான் அரசர் அதை நிரூபித்துக் காட்டினார். 34 மீட்டர் உயரக் கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே உள்ள பாரத்தை மரமுட்டுகளில் நிறுத்தினார்கள். பிறகு, தின்பதற்கு உதவாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்பு என்று அரச ஆணை போனது. அந்தக் கொழுப்பில் முட்டுகள் எரிந்து விழ, மூலை சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் பட்டினி விரட்டும்வரை தாக்குப்பிடித்தார்கள். பின்னால் அந்த மூலையைக் கட்டியவர்கள் உருண்டையாகக் கட்டினார்கள். இன்றும் மூன்று மூலை சதுரம், ஒன்று வட்டம்.

கோயில்களில் டர்ஹம் பேராலயம் ஒன்றைச் சொன்னால் போதும். 1093இல் தொடங்கி 1133இல் முடிந்தது. பெருந்தூண்களின் உயரம் 6.6 மீட்டர், சுற்றளவும் 6.6 மீட்டர். வெளியே செதுக்கிய கல், உள்ளே சல்லியும் சுண்ணாம்புச் சாந்தும். நார்மன் சுவர்கள் அநேகமாக இந்தச் சூத்திரம்தான். பார்வைக்கு முரட்டுப் பலம், ஆனால் உள்ளே நிரப்பியது இளக்கமாக இருந்தாலோ சாந்து இறுகும் முன் பாரம் ஏறினாலோ சுவர் வயிறு தள்ளும். டர்ஹமின் புதுமை கூரையில் இருக்கிறது. சதுரக் கட்டத்தின் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம். இரண்டின் மேலும் அரைவட்ட வளைவு வைத்தால் மூலைவிட்ட வளைவு உயர்ந்தும் பக்க வளைவு தாழ்ந்தும் நிற்கும், கூரை மேடுபள்ளமாகிவிடும். டர்ஹமின் நடுக்கூடத்தில் மூலைவிட்ட விலாக்களை வட்டமாகவே விட்டு, குறுக்கு வளைவைக் கூராக்கி உயர்த்தி மட்டம் கொண்டுவந்தார்கள். பின்னால் காத்திக் என்று உலகம் கொண்டாடிய பாணியின் கணக்கு அங்கே போடப்பட்டுவிட்டது. எல்லாம் முதல் முறையே சரியாக வரவும் இல்லை. கிழக்குப் பகுதியில் முதலில் போட்ட வளைகூரை விரிசல் விட்டு, 13ஆம் நூற்றாண்டில் அதை மாற்ற வேண்டியதாயிற்று.

வின்செஸ்டர் பேராலயத்தில் நடுக்கோபுரமே 1107இல் விழுந்தது. வில்லியமின் மகனான இரண்டாம் வில்லியமை அதனடியில் புதைத்த பாவம் என்று ஊர் பேசியது. மாம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி மட்டும், அவரைப் புதைக்காவிட்டாலும் கட்டிய லட்சணத்துக்கு அது விழுந்திருக்கும் என்று எழுதிவைத்தார். அந்தப் பேராலயத்தின் கிழக்குப் பக்கம் ஈரப் புதைமண்ணில் நிற்கிறது. 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் இருட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கித்தான் அதைக் காப்பாற்றினார்.

படத்துக்கான குறிப்பில் ஒரு திருத்தம். நார்மன்கள் கட்டியது என்று நீங்கள் போட்டிருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் படத்தில் தெரியும் கூர்முனைக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டினுடையது. எக்ஸ்செக்கர் பயன்பாட்டிலிருந்து விலக்கிய பழைய ரசீதுக் குச்சிகளை 1834 அக்டோபர் 16இல் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். பிற்பகலில் சபையைப் பார்க்க வந்தவர்களுக்குத் தரையின் சூடு காலணியைத் தாண்டிக் காலில் பட்டது. மாலையில் தீ கிளம்பி, இரவுக்குள் அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குப் பதிலாக எழுந்ததுதான் உங்கள் படத்தில் உள்ளது. தீயணைப்பவர்கள் போராடிக் காப்பாற்றிய மண்டபம் ஒன்று அதன் பக்கத்திலேயே நிற்கிறது: இரண்டாம் வில்லியம் 1097இல் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கூரை 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாற்றியது. சுவர் நார்மன்களுடையது. அடுத்த முறை அதன் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்